உள்கைப்பிடி மட்டும் பாக்கி

உங்கள் லாக்கப்பில் தொங்குவது எங்கள் ஊர்ப் பூட்டுதான், அய்யா. எண்ணெய் விட்டு ஒரு வருஷமாவது இருக்கும். விட்டால் இன்னும் இருபது வருஷம் உழைக்கும்.

நான் அருளப்பன், திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். தோல் பதனிடும் ஷாப் முதலாளி பக்ருதீன் ராவுத்தருக்குக் கடலில் நாலு நாள் தங்கிச் சுற்ற ஒரு மோட்டார் படகு வேண்டுமென்று ஆசை. கடலில்லாத ஊரில் கப்பலா என்று ஊரே சிரித்தது. வேலை தன் கண்ணெதிரே நடக்க வேண்டுமென்று, வெறும் கூட்டைத் தூத்துக்குடியிலிருந்து லாரியில் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, அலமாரி, வார்னிஷ் எல்லாம் கூடவே வந்த ஸ்தனிஸ்லாஸ் மேஸ்திரி பொறுப்பு. பித்தளைச் சாமானும் அறைக்கதவுப் பூட்டும் என் பொறுப்பு.

ஐந்து மாதம் அவன் என் வீட்டில்தான் சாப்பிட்டான். பரிமாறியவள் என் மகள் செபாஸ்தியம்மாள். தாயில்லாத பிள்ளை, எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். ஒருநாள் சோற்றுக்கு வெஞ்சனத்தை வைத்துவிட்டு, "அப்பா, படகு போறப்ப நானும் அவுகளோட தூத்துக்குடி போறேன். கோயில்ல சாமியார்கிட்ட எங்க கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். சரியென்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பேர் கெட்டால் கல்யாணம் நின்றுபோகும். நான் நினைத்தது அவ்வளவுதான். படகின் அடியில், கழுவிய தண்ணீர் வெளியேற ஒரு துளையும் அதை மூட, கூட்டோடு வந்த ஒரு பித்தளைத் திருகும் உண்டு. அந்தத் திருகின் மரையை அரத்தால் தேய்த்தேன். எஞ்சின் அதிர அதிரக் கழன்றுவிடும், பழி மேஸ்திரி மேல் விழும். அவன் கடல்காரன், நீந்திக் கரையேறுவான்.

வெள்ளோட்டம் அணைத் தண்ணீரில். ஸ்தனிஸ்லாஸ் படகை ஓட்ட, நானும் ராவுத்தரும் கரையில் நின்றோம். அறைக்கதவைச் சாத்தினாலே விழுந்துகொள்ளும் பூட்டு அது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி மட்டும் நான் மாட்டாமல் பாக்கி. வேலை முடித்து உடையவரிடம் ஒப்படைக்கும்வரை சாவியை வேறு கையில் தரமாட்டோம், பட்டறை வழக்கம். சாவி என் இடுப்பில் இருந்தது.

ஏறாதே என்று மகளிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள். படகு நகரும்போது அவளுடைய பச்சைச் சேலை அறைக்குள் நுழைவதைப் பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பான்.

"ஏம்ப்பா அருளப்பா, இம்புட்டு வேர்க்குது?" என்றார் ராவுத்தர்.

வெயில் என்றேன்.

நடுத்தண்ணீரில் படகு தாழ ஆரம்பித்தது. அவன் கரைக்குத் திருப்பிவிட்டான். எறிந்தால் எட்டும் தூரத்தில் எஞ்சின் நின்றது. "மாமா, சாவி. புள்ள உள்ள இருக்கு" என்று கத்தினான். கோடாலியால் கதவை வெட்டினான். தேக்கு சிதறியது, என் பூட்டு அசையவில்லை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எறிந்து தண்ணீரில் விழுந்தால் வீணாகிவிடுமே என்று நினைத்ததாக ஞாபகம். உள்ளேயிருந்து அவள் என்னைத்தான் கூப்பிட்டாள், அவனை இல்லை. படகு அவளோடு முங்கியது.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஸ்தனிஸ்லாஸை விட்டுவிடுங்கள், அய்யா. அவன் மேல் தப்பில்லை. தூத்துக்குடிக்குத் தனியாகப் போகட்டும்.

என் மகளைப் பட்டறைக்குப் பக்கத்துக் கல்லறையில்தான் வைத்திருக்கிறேன். கூப்பிடு தூரம். இனி அவள் என்னை விட்டு எங்கேயும் போகமாட்டாள்.