தனியப் போகேல்லை

ஓம் அண்ணை, உது புலியின்ர வாய்தான். சீமெந்தால கட்டின புலி. தாய்வானில கவ்சியுங் எண்டு ஒரு துறைமுகப் பட்டினம், அங்க ஒரு தாமரைக் குளம், குளத்தங்கரையில ரெண்டு கோபுரம். ஒண்டுக்கு டிராகன்ர வாய் வாசல், மற்றதுக்குப் புலியின்ர வாய். படத்தைக் கொஞ்சம் யன்னல் பக்கமாப் பிடியுங்கோ. வலப்பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறது குலேந்திரன். எண்பத்திரண்டாம் ஆண்டு, அதுதான் அந்தத் தலைமயிர். இடப்பக்கம் நிக்கிற பெட்டைதான் உங்களைச் சுவிசின்ர மற்றப் பக்கம் ஊஸ்டரில இருந்து இந்த டாவோஸ் மலை மட்டும் கொண்டுவந்திருக்கு, என்ன?

இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சால் ரெண்டு மணித்தியாலம் எங்களுக்கு ஓய்வு, சிம்மர்ஸ்டுண்ட எண்டுவாங்கள். குலேந்திரன் பெர்மிட் அலுவலா கூர் பட்டினத்துக்குப் போட்டான். ஆறு மணி றெயினுக்குத்தான் வருவான். நீங்கள் ஆறுதலாக் கேளுங்கோ. சீனி போடுறதோ? சரி.

நேரடியாக் கேக்கிறியள், அது நல்லது. உங்கட தங்கச்சி ஜெயகௌரியை இவனுக்குக் குடுக்கலாமோ, குடுக்கேலாதோ. சாதகம் பொருந்தி, ரெண்டு பக்கமும் ஓமெண்டு சொல்லி, நாள் வைக்கிற நேரத்தில ஒரு மொட்டைக் கடிதம் வந்து விழுந்திருக்கு, இந்தப் படத்தோட. இனி நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டுத்தான் ஊருக்கு எழுதப் போறியள். எனக்கு விளங்குது. கப்பலில மூண்டு வருசம், இந்த றூமில ரெண்டு வருசம், அவன்ர குறட்டை வரைக்கும் எனக்குத் தெரியும். என்னட்டை வராமல் ஆரிட்டைப் போறது.

குடி இல்லை. சிகரெட், வேலை முடிஞ்சால் ஒண்டு. ஊருக்கு மாசாமாசம் அனுப்புறவன். ராசிக்காரன், அண்ணை. நானும் அவனும் ஒரே நாளிலதான் இந்த ஹொட்டலில கோப்பை கழுவ வந்தனாங்கள். மூண்டாம் மாசம் செஃப் அவனைச் சலாட் வெட்டக் கூப்பிட்டார். பிறகு அடுப்படிக்கு. இப்ப அவனுக்கு வெள்ளைத் தொப்பி. நான் இப்பவும் மிசினுக்குப் பக்கத்தில ஆவிக்குள்ள நிக்கிறன். நான் அவனை விடத் துப்புரவாக் கழுவிறனான், செஃப்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் சிரிச்சுக்கொண்டு ரெண்டு சொல் இவங்கட டொச் பாசை கதைப்பான், ஆக்கள் அவ்வளவிலயும் விழுந்திடுவாங்கள். எரிச்சல் இல்லையோ எண்டு கேக்கிறியளோ? ஏன் இல்லை. வயிறு பத்தி எரியுது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

அந்தப் பெட்டையைப் பற்றிச் சொல்லு எண்டுறியள். வாறன். அந்த நாளை முழுக்கச் சொன்னால்தான் பெட்டையும் விளங்கும்.

நாங்கள் நிண்டது ஒரு கிரேக்கன்ர கப்பல். பழசு. இனி ஓடாது எண்டு உடைக்கிறதுக்குக் கவ்சியுங்கில கொண்டுபோய்க் குடுத்தது. கையெழுத்து வைக்கிற ஆள் வரேல்லை எண்டு ஒரு நாள் சும்மா நிக்கவேண்டியதாப் போச்சு. மற்றவங்கள் எல்லாம் குடிக்கப் போட்டாங்கள். தமிழர் எண்டு நாங்கள் ரெண்டு பேர்தான். கப்பல் ஏஜென்ற் கந்தோர் மனேச்சர், பாவம் பெடியள் எண்டு நினைச்சாரோ என்னவோ, தன்ர கந்தோரில வேலை செய்யிற பெட்டையை எங்களோட அனுப்பினார், ஊரைக் காட்டச் சொல்லி. லின் எண்டு பேர். படத்தில நிக்கிறது அவள்தான்.

என்ர கமெராவைக் கொண்டு போனனான். ஓம், என்ர கமெரா, சிங்கப்பூரில வேண்டினது. உள்ளுக்குப் பாத்தால் பிலிமில ஒரே ஒரு படம்தான் மிச்சம். வழியில பிலிம் வேண்டுவம் எண்டு குலேந்திரன் சொன்னவன். சாப்பாட்டுக் கடையைக் கண்டவுடன அவனுக்குப் பிலிமும் மறந்துபோச்சு, நானும் மறந்துபோனன்.

காலமை முதல் கொண்டுபோனது ஒரு தெருக்கடைக்கு. குந்து மாதிரிச் சின்னக் கதிரை. மீன் போட்ட அரிசிக் கஞ்சி தந்தாங்கள். எங்கட பால்மீன்தான் அண்ணை, அதே முள்ளு. வாயில வச்சவுடன நான் சொன்னனான், மச்சான், இது கூழடா எண்டு. மரவள்ளியும் ஒடியல்மாவும்தான் இல்லை. மூண்டு மாசத்துக்குப் பிறகு நாக்குக்கு உயிர் வந்தது. அந்தப் பெட்டை என்ன செய்தவள், தன்ர கோப்பையில இருந்த முள்ளில்லாத வயித்துத் துண்டை எடுத்துக் குலேந்திரன்ர கோப்பையில வச்சவள். ஓ, இப்ப நிமிந்து பாக்கிறியள். எனக்கும் ஒண்டு வச்சவள், அதையும் சொல்லத்தானே வேணும். ஆனால் அவனுக்குத்தான் முதல் வச்சது.

பிறகு வள்ளத்தில ஒரு தீவுக்கு. கடலோரம் கணவாய் மீன் சுட்டுக்கொண்டு நிண்டாங்கள். அங்க தக்காளிப்பழத்தை வெட்டித் தட்டில வச்சு, பக்கத்தில கறுத்தச் சாறு, அதுக்குள்ள இடிச்ச இஞ்சியும் சீனியும். தோச்சுத் தோச்சுச் சாப்பிடுறாங்கள். நான் இன்னும் கொஞ்சம் இஞ்சி கேக்கவேணும். இஞ்சிக்கு இங்கிலிசும் எனக்கு வரேல்லை. தடிமன் எண்டால் இஞ்சி குடிக்கிறம்தானே, அதை நினைச்சு மூக்கை உறிஞ்சி, இருமிக் காட்டினன். லின் பயந்துபோய் ஓடிப்போய் மருந்துக்கடையில குளிசை வேண்டிக்கொண்டு வந்திட்டாள். கடைக்காரி, நாங்கள், பக்கத்தில இருந்த கிழவன் எல்லாரும் கண்ணால தண்ணி வரச் சிரிச்சம். பிறகு அந்தக் கிழவன்தான் இஞ்சியை எடுத்துத் தந்தது.

நீங்கள் இந்தக் கதை கேட்டனீங்கள், என்ன? ஓம், குலேந்திரன் சொல்லியிருப்பான். தான் இருமினதாச் சொன்னவனோ? தெரியும். இங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரியிறான். கூழ் எண்டு சொன்னதும் அவனாம். பஸ்ஸில றைவர்ர வாய் சிவந்திருக்கிறதைக் கண்டு, பாக்கு கேட்டு வேண்டி வாயில போட்டதும் அவனாம். அவன் வெத்திலையே போடமாட்டான் அண்ணை, தலை சுத்தும். நான்தான் போட்டனான். வெத்திலை, சுண்ணாம்பு, பச்சைப் பாக்கு எல்லாம் இருந்தது, புகையிலைதான் குறை.

சரி, குளத்தடிக்கு வாறன். பின்னேரம் மூண்டு நாலு மணி இருக்கும். கையில ஆளுக்கொரு கோப்பை பப்பாப்பழம் அடிச்ச பால். அங்க ஒரு முறை இருக்கு. டிராகன்ர வாயால உள்ள போய், புலியின்ர வாயால வெளிய வரவேணும். வந்தால் கெட்டது எல்லாம் கழிஞ்சு நல்லது வருமாம். மாறிப் போகக்கூடாது. லின் பத்துத்தரம் சொல்லிப்போட்டாள். நான் செருப்பைக்கூடக் கழட்டிப்போட்டன், கோயில் எண்டு நினைச்சு. அப்பத்தான் குலேந்திரன் சொல்லுறான், டேய் சிறீ, ஒரு படம்தானே கிடக்கு, நீ வெளிய நில்லு, நாங்கள் புலியின்ர வாயால வரேக்க அடி எண்டு.

நான் நிண்டன். அவங்கள் டிராகனுக்குள்ளால போனாங்கள், புலிக்குள்ளால வந்தாங்கள், நான் அடிச்சன். அதுதான் இந்தப் படம். நான் உள்ள போகேல்லை. பிறகு போவம் எண்டு பாத்தால் பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு லின் கையைப் பிடிச்சு இழுக்கிறாள். என்ர கையை இல்லை, பையை. நான் இதுகளை நம்புறவன் இல்லை அண்ணை. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. உள்ள போய் வந்தவனுக்கு வெள்ளைத் தொப்பி, பெர்மிட், இப்ப உங்கட தங்கச்சி. வெளிய நிண்டவன் கோப்பை கழுவுறான்.

பெட்டையோ? அவ்வளவுதான் அண்ணை. துறைமுக வாசலில எங்கள் ரெண்டு பேருக்கும் கை தந்தவள். அவளைக் கட்டப்போற பெடியன் மோட்டார் சைக்கிளோட வந்து நிண்டான், ஏறிப் போட்டாள். பிறகு காணவும் இல்லை, கடிதமும் இல்லை. அம்மாவாணை ஒண்டுமில்லை. குலேந்திரனுக்குப் பொம்பிளையள் விசயத்தில துணிவு காணாது, நான் சொல்லுறன். உங்கட தங்கச்சியின்ர படம் வந்து மூண்டு நாள் எனக்குக் காட்டாமல் வெக்கத்தில தலகணிக்குக் கீழ வச்சிருந்தவன். நீங்கள் பயப்பிடாமல் குடுக்கலாம். நல்லவன். அதுதான் எனக்கு இன்னும் கூடுதலா எரியிறது.

அப்ப ஏன் உங்களுக்கு மறைச்சவன் எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. போன மாசம் நீங்களும் உங்கட மாமாவும் மாப்பிளை பாக்க வந்தனீங்கள், ஞாயிற்றுக்கிழமை. இந்த மேசையிலதான் இருந்தனீங்கள். அவன் இந்த நாள் முழுக்க உங்களுக்குச் சொன்னவன். புலி எண்ட சொல்லைக் கேட்டவுடன உங்கட மாமா கதவு சாத்திக் கிடக்கோ எண்டு திரும்பிப் பாத்தவர், இயக்கக் கதையாக்கும் எண்டு. பிறகு சீமெந்துப் புலி எண்டவுடனதான் மூச்சு விட்டவர். ஞாபகம் இருக்கோ? அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்தினது நான்தான். இல்லையில்லை, பறவாயில்லை, நாலைஞ்சு பேர் வந்து போனவங்கள், உங்களுக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்.

அப்ப நீங்கள் ஒண்டு கேட்டனீங்கள். உவ்வளவு இடமும் ஆரோட தம்பி போனனீர் எண்டு. அதுக்கு அவன் சொன்னான், தனியத்தான் போனனான் அண்ணை எண்டு.

தனியத்தான். நான் கேத்திலோட அவன்ர தோளுக்குப் பின்னால நிக்கிறன். என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. பெட்டையைச் சொல்லாமல் விட்டான், அது சரி, மாப்பிளை பாக்க வந்த வீட்டாரிட்டை அதை ஆர் சொல்லுவான். நானெண்டாலும் சொல்லமாட்டன். என்னை ஏன் விட்டவன்? என்னைச் சேத்தால் அவனுக்கு என்ன குறைஞ்சு போகுது? சிறீயோட போனனான் எண்டு ஒரு சொல். இருபத்தெட்டு வயசுக்குள்ள எனக்கெண்டு நல்லா இருந்தது அந்த ஒரு நாள் அண்ணை. ஊரில நடந்ததைச் சொன்னால் நீங்கள் இந்தத் தேத்தண்ணி குடிக்கமாட்டியள். அந்த ஒரு நாள் சிரிச்சனான். அதையும் அவன் தன்ர கோப்பையில வழிச்சு ஊத்திக்கொண்டான்.

போகேக்க நீங்கள் விலாசம் எழுதிக் குடுத்தனீங்கள். அது கன நாளா உந்த மேசையிலதான் கிடந்தது.

கடிதத்தை ஒருக்கா விரியுங்கோ. இல்லை, எனக்கு வாசிக்கத் தேவையில்லை, நீங்கள் பாருங்கோ. பெட்டையைப் பற்றி ஒரு சொல் கிடக்கோ? கெட்டவன் எண்டு கிடக்கோ? ஒரே ஒரு வரி. ‘அன்றைக்கு அவர் தனியப் போகவில்லை’ எண்டு. அவ்வளவுதானே? அது பெட்டையைச் சொன்னது எண்டு நீங்கள் நினைச்சது. நீங்கள் அப்பிடித்தான் நினைப்பியள் எண்டு எழுதினவனுக்குத் தெரியாமலும் இல்லை. அந்தப் பாவத்துக்கு அவன் மன்னிப்புக் கேக்கவேணும். நாள் வச்சு எழுதுங்கோ ஊருக்கு. தங்கச்சி நல்லா இருப்பா.

நேரம் ஆகுது, நான் இறங்கவேணும், செஃப் பாப்பார். நீங்கள் நாலரை றெயினைப் பிடிக்கலாம்.

அந்தப் படம் அண்ணை, ரெண்டு கொப்பிதான் அடிச்சது. ஒண்டு அவன்ர பேர்சுக்குள்ள இப்பவும் கிடக்கு, உங்கட தங்கச்சியின்ர படத்துக்குப் பின்னால. பாத்து முடிஞ்சுதெண்டால் உதைத் திருப்பித் தாங்கோவன். என்னட்டை வேறை இல்லை.