குதிரைத்தலைக்கு வேண்டிய இருட்டு

பிரபஞ்சத்தின் ஆழத்தை அறியத் துணிந்தவன் தியாகத்துக்கு அஞ்சக்கூடாது. என் விஷயத்தில் அந்தத் தியாகத்தை மாமனார் செய்தார்.

பகலில் நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அதை யாரும் அறிவியல் என்று மதிப்பதில்லை. இரவில் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியை நிறுத்தி நெபுலாக்களைப் படம் எடுக்கிறேன். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்கள் அவை. அவற்றில் ஒன்று, சிவந்த ஒளிக்கு முன்னால் குதிரைத் தலைபோலக் கறுத்து நிற்கும். நகரத்து வானத்தில் அந்தத் தலை அகப்படுவது குதிரைக்கொம்புதான். பல இரவுகள் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். வீட்டில் அதன் பெயரைச் சொல்லவில்லை. குதிரைத்தலை என்றால் பொம்மைக்கடைச் சமாசாரம்போல இருக்கும் என்று, வானியல் அட்டவணையில் அதற்குள்ள எண்ணை மட்டும் சொல்லிவந்தேன்.

தெரு வெளிச்சத்தை ஓரளவு வடிகட்டித் தள்ளக் கண்ணாடி உண்டு. பத்தடி தூரத்தில் எரியும் பல்புக்குக் கண்ணாடி கிடையாது. அந்தப் பல்பு மாமனாருடையது. கொல்லையும் அவருடையது, வீடும் அவருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை.

மாமனார் தெருவிளக்குப் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரில் ‘இருளை விரட்டியவர்’ என்று எழுதிய கேடயம் தொங்கியது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எந்தச் சந்தில் எத்தனை கம்பம் என்று ஆரம்பிப்பார். மோர் ஊற்றும்வரை ஓயாது.

கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கேட்டேன்.

“மாமா, ராத்திரி கொஞ்ச நேரம் அந்த லைட்டை அணைச்சு வைக்கலாமா?”

“மாப்பிள்ளை, ஊர்ல எங்க இருட்டு இருந்தாலும் போய்க் கம்பம் நட்டவன் நான். என் கொல்லையையே இருட்டாக்கச் சொல்றீங்களா?”

“கொஞ்ச நேரம்தான் மாமா.”

“திருடனுக்கும் கொஞ்ச நேரம்தான் வேணும்.”

சமையலறையில் மாமியார் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

அது திருகு பல்பு. சாயங்காலம் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் போய் அரைச் சுற்று தளர்த்துவேன். விடிந்ததும் அரைச் சுற்று இறுக்குவேன். எதையும் உடைக்கவில்லை, கம்பி எதையும் அறுக்கவில்லை. அரைச் சுற்றுக்குத் தண்டனை சொல்லும் சட்டம் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இரவில் மாமனார் சுவிட்சைப் போடுவார், எரியாது. காலையில் சோதிப்பார், பளிச்சென்று எரியும். பல்பை மாற்றினார். ஹோல்டரை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். கடைசியில் தன் கையால் இழுத்த வயரையே பிடுங்கிப் புதிதாக இழுத்தார். “காரணம் இல்லாம எதுவும் நடக்காது மாப்பிள்ளை,” என்றார். “ஆமாம் மாமா,” என்றேன். இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

ஒருநாள் இருட்டிலேயே ஸ்டூலைப் போட்டு ஏறப் பார்த்தார். வயதான மனிதர், விழுந்தால் என்ன ஆவது? அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு நானே ஏறினேன். தொட்டுப் பார்ப்பதுபோல் இறுக்கினேன். எரிந்தது.

“நல்லாத்தானே எரியுது மாமா?”

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நான் சொன்ன நேரத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்று எடுத்த படங்கள் அத்தனையும் பாழ். என் பக்கத்து நஷ்டத்தையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் சுவிட்சைச் சந்தேகிக்கவில்லை, தன்னைச் சந்தேகித்தார். விரலை வைத்துக்கொண்டே “போட்டுட்டேன்” என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரு இரவு என் மனைவியைக் கூப்பிட்டு, “இது எரியுதா, எரியலையா? பாத்துச் சொல்லும்மா,” என்றார். எரியவில்லைதான். அவள் அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மறதி நோய் உண்டா என்று பார்க்க அவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பொறியாளர் இல்லையா, அளவெடுத்ததுபோல் வரைந்தார். பிறகு மருத்துவர், “வீட்டுல என்ன பிரச்சினை?” என்று கேட்டார். மாமனார் பல்பைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் பொழுது சாய்ந்ததுமே தூங்கிவிடுவார். நான் பல்பைத் தொடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வண்டிச் சாவியை வாங்கி வைத்தார்கள். ஸ்க்ரூ டிரைவரைக்கூட ஒளித்து வைத்தார்கள். அது என் யோசனை, பாதுகாப்பு கருதிச் சொன்னேன்.

வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவன் நான்தான். “பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்காது,” என்றார் மாமியார். இப்போது சாப்பாட்டு மேசையில் முதல் தோசை எனக்கு வருகிறது.

குளிர்காலம் முடிந்தது. படங்களை அடுக்கி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். இருந்தது ஒரே ஆணி, அதனால் கேடயத்தை இறக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் எல்லாம் மரியாதையாகப் பார்த்தார்கள். “கறுப்பா இருக்கே, பெயிண்ட் இன்னும் காயலையா?” என்று சகலை கேட்டார். நடுவில் இருப்பது கறை என்று மாமியார் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தும் விட்டார்.

போன வாரம் மாமனார் அதன் முன்னால் வந்து நின்றார். மாத்திரைத் தூக்கம் கண்ணிலேயே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“குதிரை,” என்றார். “தலை மட்டும். பின்னால செவப்பா வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவுல அதுபாட்டுக்கு இருட்டா நிக்குது. நல்லா இருக்கு மாப்பிள்ளை.”

என் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, அப்பாவுக்குச் சுவத்துல குதிரை தெரியுதாம். உங்களுக்குத் தெரியுதா?”

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்கும் தெரியும்.

“இல்லையே,” என்றேன்.

மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். நான் ஈவிரக்கமில்லாமல் மறைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் எதையும் மறைக்கவில்லை. குதிரைத்தலை என்பது நான் புத்தகத்தில் படித்ததுதான்; அந்தப் படத்தில் எனக்கு இன்றுவரை குதிரை தெரிந்ததில்லை.