பேச்சித்தாய் வச்ச கைநாட்டு

கொஞ்சம் பொறுங்க... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன். தம்பி, அந்தப் போனை உள்ள வை. உனக்குத்தான் சொல்றேன்.

ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு. குற்றவியல் ஹானர்ஸ், கடைசி வருஷம். உங்களை மாதிரியே ஆய்வேடு எழுதணும். என்ன தலைப்பு? கொலையில பிள்ளையைப் பறிகொடுத்து, வழக்கும் தோத்துப்போன குடும்பங்க எப்படி வாழுதுங்கன்னு. நல்ல தலைப்பு! பேராசிரியரே பாராட்டினார்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேலை பார்க்கிற பேச்சித்தாய் வீட்டுக்குப் போனா. அந்த அம்மாவோட ஒரே மகனை நடுத்தெருவுல வெட்டிப் போட்டாங்க. கண்ணால பார்த்தவனெல்லாம் கோர்ட்டுல ஏறி, "நான் பார்க்கலய்யா"ன்னுட்டான். வெட்டினவங்க விடுதலையாகி அதே தெருவுல டீ குடிக்கிறாங்க.

ஜெனிட்டா கழுத்துல அடையாள அட்டை. கையில சம்மதப் படிவம். விதிப்படி படிச்சுக் காட்டினா... எப்படி? பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவ மாதிரி கடகடன்னு! "இங்க ஒரு கைநாட்டு வைங்கம்மா." வச்சாங்க. ஏன் வச்சாங்க? அந்த அம்மாகிட்ட இதுவரைக்கும் கைநாட்டு கேட்டது யாரு? போலீஸ் கேட்டுச்சு... கோர்ட் கேட்டுச்சு... அப்போ இதுவும் கேஸுக்குத்தான்னு நினைச்சுட்டாங்க!

அழுது அழுது எல்லாத்தையும் சொன்னாங்க. மகன் தலையைத் தூக்கி மடியில வச்சது வரைக்கும் சொன்னாங்க. பொண்ணு பதிவு பண்ணிக்கிட்டா. "இனிமே நீங்க பாத்துக்குவிய இல்ல தாயி?"ன்னு கேட்டாங்க. இவ தலையை ஆட்டினா. ஏம்மா ஆட்டினே? என்னத்தைப் பாத்துக்குவே நீ?

ஆய்வேடு முடிஞ்சுது. வகுப்புலயே முதல் மதிப்பெண். நன்றி சொல்லணுமேன்னு ஒரு டப்பா மக்ரூன் இனிப்பு வாங்கிக்கிட்டு, பைண்டு பண்ணின ஆய்வேட்டோட மறுபடி போனா. அந்த அம்மா அதை ரெண்டு கையாலயும் வாங்கி, கண்ணுல ஒத்தி, மகன் போட்டோவுக்கு முன்னால வச்சாங்க.

"எய்யா... தீர்ப்பு வந்துட்டுய்யா!"

...

"அம்மா, இது தீர்ப்பு இல்லம்மா. என் படிப்பு."

"அப்போ அவனுவளப் பிடிக்க மாட்டாவளா?"

"எனக்கு அந்த அதிகாரமெல்லாம் இல்லம்மா."

அந்த அம்மா கத்தல. ஏசல. "அப்போ எதுக்குத் தாயி என்னைய அம்புட்டையும் சொல்ல வச்ச?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு வாசல்ல போய் நிப்பீங்க. கைநாட்டு வாங்கிட்டா கடமை முடிஞ்சுதா? முடியலப்பா! உன்னால என்ன முடியாதுங்கிறதை முதல்ல சொல்லு. "உங்க கேஸுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, என் படிப்புக்காகக் கேக்குறேன்"னு அவங்களுக்குப் புரியுற வரைக்கும் சொல்லு. கதவைச் சாத்திட்டா? சாத்தட்டும்! உன் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயம் குறையும், அவ்வளவுதானே?

அந்த வாசல்ல இருக்கிற அம்மா தன் மகனை ரெண்டாவது தடவை பறிகொடுக்காம இருப்பாங்க.