மோரில் கரைத்த மாத்திரை

– நூத்தி எழுபத்தெட்டு. இன்னொரு தடவை கட்டிப் பார்க்கட்டுமா பாபாய்?

– கட்டு, கட்டாம போ. எத்தனை தடவை பார்த்தாலும் அதானே ஜான்சி. இந்தப் பட்டையைக் கட்டிக் கட்டி, மூட்டை தூக்கற கையே மரத்துப் போச்சு. ஆறு மாசமா ஆவக்காய் இல்ல, அப்பளம் இல்ல, கருவாடு இல்ல. மில்லுல மத்தவங்க சோத்தைப் பிரிச்சா நான் அந்தப் பக்கமா திரும்பி உட்கார்ந்துக்கறேன். இந்த ரத்தக் கொதிப்பு மட்டும் நகரமாட்டேங்குது.

– நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. இந்த வெயில்ல இருபத்தெட்டு வீடு ஏறி இறங்கறேன். எல்லாருக்கும் கொஞ்சமாவது குறையுது. எங்க சித்தப்பா, கோட்டய்ய பாபாய்க்கு மட்டும் குறையல. குண்டூர் டாக்டரம்மா என்னைத்தான் பிடிச்சுக்கறாங்க, "மாத்திரையை ஒழுங்கா கொண்டுபோய்க் குடுக்கறியா"ன்னு.

– நீ குடுக்கத்தான் குடுக்கற. நாஞ்சாரியைக் கேளு.

– சித்தியையே கேட்கறேன். பின்னி, போன மாசக் காலி அட்டை எங்க?

– இந்தாம்மா, ஆறு அட்டை. ஒரு மாத்திரை மிச்சமில்ல.

– அதான் டாக்டரம்மாவுக்கும் புரியல. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அட்டையெல்லாம் காலி. ஆனா கொதிப்பு அப்படியே நிக்குது. போன மாசம் டப்பியில குடுத்தீங்களே பாபாய், அதைப் பார்த்துட்டாங்களாம்.

– அந்தக் கருமத்தையும் உட்கார்ந்து பார்த்தாங்களா?

– அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. நம்ம எல்லார் குடல்லயும் கிருமிங்க குடியிருக்காம், நல்லதும் கெட்டதுமா. சிலது கொதிப்பை ஏத்தி விடுமாம். இன்னும் சிலது மாத்திரை ரத்தத்துல சேர்றதுக்கு முன்னாடியே அதைத் தின்னுடுமாம். உங்க வயித்துல அந்த ரகம்தான் கூடுதலோன்னு சந்தேகப்படறாங்க.

– அடப்பாவி. இங்க ஒருத்தன் பத்தியச் சோறு தின்னு வாடறான், எனக்கு வந்த மாத்திரையைத் தின்னுட்டு அது கொழுக்குதா?

– அதைத் தெரிஞ்சுக்கத்தான் பதினஞ்சு நாள் குண்டூர்ல வந்து தங்கச் சொல்றாங்க. நாளைக்குக் காலையில வண்டி வரும். அதுக்கு முன்னாடி இன்னொரு டப்பி வேணும்.

– இன்னொண்ணா?

– இந்தாங்க. மூடியை இறுக்கிப் போடுங்க பாபாய். போன தடவை கசிஞ்சு, பஸ்ஸுல என் பக்கத்துல ஒருத்தரும் உட்காரல.

– எல்லாம் என் தலையெழுத்து. நாஞ்சாரி, செம்புல தண்ணி எடு.

– கொல்லையில வெச்சிருக்கேங்க. பார்த்துப் போங்க.

– நீ ஏன் பின்னி கதவைச் சாத்தற?

– அவர் வர நேரமாகும். கொஞ்சம் உட்காரு ஜான்சி. குண்டூர்ல மாத்திரையை யார் குடுப்பாங்க?

– நர்ஸ். வாயில போட்டு, முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் நகருவாங்க.

– ராத்திரி மாத்திரையையுமா?

– ரெண்டையும்தான். உன்னை மாதிரி மோர்ல கரைச்சுக் குடுத்துக் கொஞ்சிட்டு இருக்கமாட்டாங்க.

– அப்ப அந்தப் பதினஞ்சு நாளும் இங்க அட்டை வராது.

– ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு அட்டை? என்ன பின்னி, இப்படி வேர்க்குது உனக்கு?

– போன வருஷம் ஒரு வாரம் மெஷினை இங்கயே விட்டுட்டுப் போனியே.

– ஆமா, பாபாய்க்குக் காலையிலயும் சாயங்காலமும் பார்க்கணும்னு.

– பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டுட்டு வந்தேன். தலை கிர்ருன்னு சுத்துச்சு. நானே கட்டிப் பார்த்துக்கிட்டேன். நூத்தித் தொண்ணூத்தாறு.

– உனக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

– சொன்னா நோட்டுல எழுதுவ. எழுதினா ஊருக்கே தெரியும். என்கூடச் சமைச்ச ரத்தம்மா அடுப்படியில மயங்கி விழுந்தப்புறம் ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார்? கொதிப்பு உள்ளவ யாரும் இனிமே அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னார். இவருக்கு மில்லுல வாரத்துக்கு மூணு நாள் வேலை வந்தாலே பெரிசு. நான் அங்க சமைக்கலைன்னா இங்க என்ன வேகும்?

– அதுக்காக இப்படியே ஒரு வருஷமா மருந்து மாத்திரை இல்லாமயா நடமாடற?

– இல்லாம இல்ல.

– பின்னே?

– ஊறுகாயைக் கண்ணுல காட்டாம அந்த மனுஷனை நான் பட்டினி போடாத குறை. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்காரா? ராத்திரி மோரைக் குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்து வெச்சுட்டுப் படுத்துக்குவார். அப்ப நெஞ்சு அறுக்கும். நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். விடிஞ்சா பள்ளிக்கூடத்துக்கு அரிசி களையப் போயிடுவேன்.

– இரு பின்னி. ராத்திரி நீ கரைச்சுக் குடுக்கற அந்த மோர்ல...

– மோர்தான் இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லிடு ஜான்சி. அவரோட மாத்திரையைத் தின்னது கிருமி இல்ல, நான்.