பால் மறக்கடித்த மூன்றாம் நாள்

— புண்ணாக்கு வெச்சது நீதானே ஸாதியா? மறைக்காமச் சொல்லு.

— ஓம் மச்சி, நான்தான். மூணு நாளா ஆடுகள் குட்டியளத் தேடிக் கத்துதுகள். பாத்துக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சு. ஒரு வாளி கரைச்சு வெச்சன், அவ்வளவுதான், கலாஸ்.

— என்ன கலாஸ்? இந்தச் செம்மறிட மடியத் தொட்டுப் பாரு. கல்லு! நெருப்பாச் சுடுது. பால் மறக்கடிச்ச ஆட்டுக்குத் தீனி போட்டா பால் ஊறாம என்ன செய்யும்? ஊறினதக் குடிக்கக் குட்டி எங்க?

— இரக்கப்பட்டுத்தானே மச்சி வெச்சன்.

— உண்ட இரக்கம் அதக் கொல்லப் பாக்குது. கேட்டுக்க புள்ள. குட்டியப் பிரிச்சா ஒரு பத்து நாளைக்கு வெறும் வைக்கல்தான். மொத நாள் தண்ணியும் அளவா. பால் வத்தி மடி சுருங்கட்டும். பொறகு வயல் வட்டையில பச்சை மேய விடு, புண்ணாக்கும் வை. கிடாவுக்கு விட முந்தி முதுகில சதை பிடிச்சாக் காணும்.

— அப்ப இது செத்திருமா?

— மிருக டொக்டருக்குச் சொல்லி இரிக்கு. அவர் வாறதுக்குள்ள சுடுதண்ணி ஒத்திக் கறந்து பாப்பம். தலைய இறுக்கிப் பிடி, உதைக்கும். அல்லாவே, பாரு, கட்டி கட்டியா வருது.

— இந்த நோவு எனக்குத் தெரியும் மச்சி. எண்ட நஸ்ஹாவ அஞ்சு மாசப் புள்ளையா உங்கட கையில தந்துட்டு ரியாதுக்கு வீட்டு வேலைக்குப் போனன்தானே. ரெண்டாம் நாளே நெஞ்சு ரெண்டும் இப்பிடித்தான் கட்டினது. மேடத்திட பாத்ரூமுக்குள்ள நிண்டு பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினன். எண்ட புள்ள குடிக்கிற பால் ஊத்தைத் தண்ணிக் கானுக்குள்ள போகுதே எண்டு அழுதழுது ஊத்தினன்.

— சும்மா இரு ஸாதியா.

— நீங்க ஏன் அழுறீங்க? போத்தல் பால் குடுத்து அவள என்னமா வளத்தீங்க! வெள்ளிக்கிழமை அவளுக்கும் உங்கட ஸியாமுக்கும் நிக்காஹ். வளத்த நீங்களே மாமியா வாறீங்க. அல்லாஹ் எனக்கு வேறென்ன தரணும்?

— அவள் போத்தல் பால் குடிக்கல்ல.

— என்ன?

— வாயில வெச்சாத் துப்பினாள். ரெண்டு நாள் கத்திக் கத்திக் குரலே போச்சு. ஸியாமுக்கு அப்ப ஒரு வயசு, இன்னும் பால் மறக்கல்ல. ஒரு பக்கம் அவனுக்கு, மறுபக்கம் அவளுக்கு எண்டு குடுத்தன்.

— எத்தின தரம் மச்சி?

— தரமா? ஏழு மாசம்.

— யா அல்லாஹ்! எண்ட காக்காவுக்கு, உங்கட புருசனுக்காவது தெரியுமா?

— ஒருத்தருக்கும் தெரியா. உண்ட உம்மாக்குத் தெரியும், அவ மௌத்தாகிப் போய்ச் சேந்துட்டா.

— சம்பந்தம் பேசின அண்டைக்காவது சொல்லியிரிக்கலாமே!

— அதுகள் ரெண்டும் விரும்புதுகள் எண்டு நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாய். வாய் வரல்ல புள்ள. நீ அங்க பாலப் பிழிஞ்சு ஊத்த, நான் இங்க உண்ட புள்ளைக்குத் தாயா இருந்திட்டன். கேட்டா என்ன வெறுத்திருவாய் எண்டு பயம். நாளைக்கு, நாளைக்கு எண்டு தள்ளித் தள்ளிப் பத்தொம்பது வருசம். இனிப் பொத்தி வெக்க ஏலா. ஒருத்திட பாலக் குடிச்ச புள்ளையள் கூடப்பொறந்ததுகள் மாதிரி, முடிச்சுக் குடுத்தா ஹராம். வா, பள்ளிவாசலுக்குப் போய் லெப்பைக்கிட்டச் சொல்லி நிப்பாட்டுவம். நல்ல வேளை, இன்னும் நிக்காஹ் ஆகல்ல. என்னகா, ஆட்டுட தலைய விட்டுட்டாய்? பிடி!

— நிப்பாட்ட ஏலா மச்சி.

— ஊர் என்ன சொல்லும் எண்டு பாக்கிறியா?

— இல்ல மச்சி. நஸ்ஹா மூணு மாசம் முழுகாம இரிக்கிறாள்.