எனக்கு நானே கொடுத்த வார்னிங் லெட்டர்

மலேசியாவின் கிள்ளானில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது.

“எனக்கு நானே வார்னிங் லெட்டர் குடுத்துக்கிட்டேன்லா,” என்றார் அவர்.

“உனக்கேவா? எதுக்கு?”

“ஃபிரான்சைஸ் எடுத்து சோப்பு செய்யுற கடை நடத்துறேன்ல, அங்க சேஃப்டிக்குப் பொறுப்பும் நான்தான். பாதுகாப்புக் கண்ணாடி போடாம யாரும் காஸ்டிக் சோடா கலக்கக்கூடாதுன்னு ஒரு போஸ்டர் அடிக்கலாம்னு நெனச்சேன். போட்டோவுல மூஞ்சி நல்லாத் தெரியட்டுமேன்னு என் கண்ணாடியக் கழட்டிட்டு கலக்குனேன்.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “தெறிச்சிருச்சா?”

“கண்ணுக்கு மேலயே. என்கிட்ட வேலை செய்யுற சரசு, கழுத்தப் பிடிச்சு என்னைக் குழாய்க்கு அடியில தள்ளிட்டா. ‘போதும்மா’ன்னு கத்துறேன், விடவே இல்ல. அந்தத் தண்ணிதான் கண்ணக் காப்பாத்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

தோழியின் சிரிப்பு நின்றது.

“சட்டப்படி விபத்த எழுதி வைக்கணும். விதிமுறைய மீறுனது யாருன்னு கேட்ட இடத்துல என் பேர எழுதுனேன். லெட்டரையும் அடிச்சு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.”

“இப்ப எப்படி?”

“கண்ணாடி இல்லாமப் போனா சரசு வாசல்லயே மறிச்சிருவா. ‘முதலாளியா இருந்தா என்னக்கா, வெளிய நில்லுங்க’ம்பா. நானும் நிப்பேன்.”