அறுநூற்று இருபது டன்

எல்லோருக்கும் மாதத்தில் சம்பளத் தேதிதான் பிடிக்கும். எனக்கு ஐந்தாம் தேதி. அன்றைக்குத்தான் மின்நிலையங்கள் எனக்குக் கணக்குச் சொல்லும்.

மெதுவாகவே சொல்கிறேன். தட்டச்சு செய்கிற அம்மா பதற வேண்டாம். எண்கள் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தப்பாக அடித்தாலும் பரவாயில்லை.

என் வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு அனல் மின்நிலையங்கள். ஒவ்வொன்றும் மாதா மாதம் எனக்கு ஒரு படிவம் அனுப்பும். எவ்வளவு நிலக்கரி வந்தது, எவ்வளவு எரித்தார்கள், அதில் சாம்பல் எத்தனை பங்கு, புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, பிடித்த சாம்பலில் எவ்வளவை வெளியே எடுத்தார்கள். நான் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுவேன். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்த நிலையத்துக்குச் சோதனைக்குப் போவது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்வார்கள். என் பட்டியலில் ஒழுங்காக இருக்கும் நிலையத்தின் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது மாடியில், படிக்கட்டைப் பார்த்த ஜன்னல் ஓரம் என் மேஜை. இருபத்திரண்டு வருஷத்தில் என் பட்டியலில் ஒரு திருத்தம் வந்ததில்லை. அலுவலகத்தில் எனக்குத் ‘தசமம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். காதில் விழுந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை.

ஆற்றங்கரை நிலையத்தின் கணக்கை அனுப்பியவள்தான் நீங்கள் கேட்கிற பெண். அங்கே எழுத்தர். ஒன்பது வருஷம் தொலைபேசியிலேயே பழக்கம். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. மற்ற நிலையங்களுக்கு நான் மூன்று நான்கு தடவை நினைவூட்ட வேண்டும். அவள் மட்டும் ஐந்தாம் தேதி காலை ஒன்பதரைக்குத் தானே கூப்பிடுவாள்.

“அண்ணே, காகிதம் எடுத்துக்கிட்டீங்களா? பென்சில் சீவியாச்சா?”

“சீவியாச்சு, சொல்லும்மா.”

“உங்களுக்குக் கணக்குச் சொல்றப்போ எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி கை நடுங்குது. அண்ணி பாவம். உப்பைக்கூட எடை போட்டுத்தான் குழம்புல போடணுமோ என்னவோ.”

சிரிப்பேன். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு கடிகாரம் வாங்கி அஞ்சலில் அனுப்பினேன். மாப்பிள்ளை அதே நிலையத்தில் ஃபிட்டர். “மணி பார்க்கத் தெரியாத ஆளுண்ணே, சங்கு ஊதினாத்தான் வேலைக்குப் போவாரு” என்று அவள் சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அவளுடைய எண்கள் அழகாக இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆற்றங்கரையின் படிவத்தைத்தான் மாதிரியாகக் காட்டுவேன். ‘ஒரு படிவம் இப்படி இருக்க வேண்டும்’ என்பேன்.

பத்தாவது வருஷம், கோடை தொடங்கிய சமயம், ஐந்தாம் தேதி அவள் கூப்பிடவில்லை. ஆறாம் தேதி ஒரு தடித்த உறை வந்தது. அந்த மாதத்துப் படிவம், கூடவே ஒரு நோட்டின் நகல் பக்கங்கள், நான்கு மாதத்துக்கு. படிவத்தில் சாம்பல் பிடிக்கும் இயந்திரம் ஓடிய நேரம் எப்போதும் மாதம் முழுக்க என்றிருக்கும்; முப்பத்தொரு நாள் மாதத்துக்கு, இரவு பகலாக, எழுநூற்று நாற்பத்துநாலு மணி. இந்தத் தடவை இருநூற்றுப் பதினொன்று.

நானே கூப்பிட்டேன். “என்னம்மா, கை தவறிடுச்சா?”

“இல்லண்ணே.” குரல் தாழ்ந்திருந்தது. “இதுதான் நிஜம். இதுக்கு முன்னாடி அனுப்பினதுதான்...”

“முன்னாடி அனுப்பினதுக்கு என்ன?”

“மேனேஜர் சொல்ற நம்பரைத்தாண்ணே படிவத்துல எழுதுவேன். நிஜத்தைத் தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குவேன். சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான்.”

ஒன்பது வருஷம். நூற்றெட்டு படிவம். நான் பெருக்கிப் பார்க்கவில்லை, தானாகவே மனதில் வந்து நின்றது.

அவள் பேசிக்கொண்டே போனாள். பிடித்த சாம்பல் கீழே புனல் மாதிரி தொங்கும் எட்டு இரும்புத் தொட்டிகளில் விழுமாம். அதை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் பழுதாகி நான்கு மாதம் ஆகிறதாம். கோடையில் மின்சாரத்தை நிறுத்த முடியாது என்று மேனேஜர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறாராம். தொட்டிகளுக்குக் கீழேதான் ஆட்கள் நடமாடுகிறார்களாம்.

“எங்க வீட்டுக்காரரும் அங்கதாண்ணே நிக்கறாரு. பாரம் தாங்காம விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. நீங்க இந்த நம்பரை அப்படியே போட்டீங்கன்னா ஆய்வாளர் வருவாரு. அவர் வந்தா கரண்ட் எடுக்கற மிஷினை நிறுத்திடுவாங்க. அவ்வளவுதாண்ணே நான் கேக்கறது.”

“பார்க்கறேன்” என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் ஒன்பது வருஷம் என் தட்டிலேயே மறைத்திருக்கிறாள், நானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் படிவத்தை எத்தனை பேருக்கு மாதிரியாகக் காட்டினேன் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது. நீங்கள் யாரையாவது அப்படி நம்பியிருக்கிறீர்களா? இருந்தால்தான் புரியும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவாவது சொன்னாளே. புருஷன் உசிருக்குப் பயந்து சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு வேலையே போயிடுமே, அது பெரிசில்லையா?”

“ஒன்பது வருஷம் பொய் சொல்லியிருக்கா.”

“உங்களுக்கு அவ பொய் சொன்னதா வலிக்குது? உங்க பட்டியல்ல கறை பட்டுடுச்சேன்னுதான் வலிக்குது.”

என் மனைவிக்குக் கணக்கு வராது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. முந்தைய எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியிருந்தால் நிலையத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. எப்போதும் படிவத்தை எழுதியவரைத்தான் கேட்பது வழக்கம். இந்தத் தடவை மேனேஜரைக் கேட்டேன். உங்கள் எழுத்தர் இப்படி ஒரு எண் அனுப்பியிருக்கிறார், தனியாக ஒரு நோட்டு வைத்திருப்பதாகவும் சொல்கிறார், சரிதானா என்றேன். மிக மரியாதையாகப் பேசினார். அரை மணியில் திருத்திய படிவம் வந்தது. எழுநூற்று நாற்பத்துநாலு. தொட்டிகளில் மிச்சச் சாம்பல் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. பட்டியலில் ஏற்றினேன். அந்தக் காலாண்டில் ஆய்வாளர்கள் ஏழு நிலையங்களுக்குப் போனார்கள். ஆற்றங்கரை அதில் இல்லை.

அவளை அன்றைக்கே வாசலில் வருகைப் பதிவு எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டைப் பிடுங்கிக் கொதிகலனில் போட்டார்களாம். அது எரிபொருள் கணக்கில் சேரவில்லை.

ஆக, நிஜ எண்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தன, என் மேஜை இழுப்பறையில். இதை நான் மறைக்கவில்லை. நீங்கள் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தேன், நினைவிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பக்கங்களை வீட்டுக்கு எடுத்து வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எண்கள் சும்மா கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடக் கணக்குதான். எரித்த கரியிலிருந்து எவ்வளவு சாம்பல் வந்திருக்க வேண்டும் என்று எழுது. வெளியே எடுத்ததைக் கழி. புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனதைக் கழி. மிச்சம் உள்ளே இருக்கிறது. எட்டுத் தொட்டிகளும் சேர்ந்து முந்நூற்று இருபது டன் தாங்கும். எனக்கு வந்த விடை அறுநூற்று இருபது. வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். அறுநூற்று இருபதுதான்.

அவள் எண்கள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின. அதுதான் எனக்கு மிகவும் கசந்தது. இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவள் எனக்கு மட்டும் குப்பையை அனுப்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாள். காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி மணி அடித்தது. பின்னால் லாரிச் சத்தம். அவள்தான், வாசலிலிருந்து.

“அண்ணே, நான்தான். வச்சிடாதீங்க.”

நான் வைக்கவில்லை.

“முதல்ல என்னை மன்னிச்சிருங்கண்ணே. உங்ககிட்ட அத்தனை வருஷம் பொய்க்கணக்கு குடுத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கறப்பல்லாம் உங்க ஞாபகம் வந்து அழுகை வருது.”

“என்ன விஷயம்?”

“இன்னிக்குக் குழாயை வெட்டி மாத்தப் போறாங்களாம். தொட்டிக்குக் கீழயே சாரம் கட்டியாச்சு. மிஷின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். இவரும் இன்னும் அஞ்சு பேரும். தொட்டி காலியாத்தான் இருக்கு, பயப்படாதீங்கன்னு மேனேஜர் சொல்றாரு. என்கிட்ட நோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அனுப்பின பக்கம் உங்ககிட்ட இருக்குமே. உங்க கணக்குல என்ன வருதுண்ணே? நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இவரை நான் காலைப் பிடிச்சாவது நிறுத்திடுவேன். மத்தவங்களும் நின்னுடுவாங்க.”

அவள் மன்னிப்புக் கேட்டதாக உங்களிடம் சொல்லியிருப்பாள். கேட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது உதவி கேட்பதற்கு முன்னால் எல்லோரும் சொல்கிற வார்த்தை. உறுதி செய்ய வழியில்லாத கூற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை.

விடை எழுதிய தாள் இழுப்பறையில் மேலாகவே இருந்தது. திறந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எண் மனப்பாடம்.

“பதிவுப்படி காலி” என்றேன்.

“நிஜமாவாண்ணே?”

“பதிவுல மிச்சம் இல்லைன்னு இருக்கும்மா.”

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. ரிசீவரைக் கையால் மூடாமலே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள். “அண்ணன் காலின்னு சொல்லிட்டாரு. போங்க.”

ஒரு ஆண் குரல் சிரித்தது. மாப்பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். “உங்க அண்ணன் சொல்லிட்டாருன்னா அப்புறம் என்ன. அந்த மேனேஜர் சொன்னதை எவன் நம்பினான்?”

“ரொம்ப நன்றிண்ணே” என்று அவள் வைத்துவிட்டாள்.

நான் இழுப்பறையைச் சாத்திவிட்டு வேறொரு நிலையத்தின் படிவத்தை எடுத்தேன். கந்தகத்தின் அளவை இடம் மாற்றி எழுதியிருந்தார்கள். திருத்தினேன். பதினொன்று ஐம்பதுக்குத் தொட்டிகளில் நான்கு அறுந்து விழுந்தன. உள்ளே இருந்த சாம்பல் இன்னும் நெருப்பாகத்தான் இருந்ததாம். ஆறு பேரையும் தோண்டி எடுக்க மறுநாள் மாலை ஆனதாகச் செய்தியில் படித்தேன். எடுத்த சாம்பலை எடை போட்டார்களா என்று விசாரித்தேன். போடவில்லையாம்.

மேனேஜரையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை என்பதை நீங்களும் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் கீழே போனது என் வார்த்தையை நம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு பேரும் சாரத்தில் ஏறியிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். ஆறு பேரையும் அனுப்பியவன் நான். இதை அப்படியே அடிக்கலாம்.

ஆனால் நான் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று இந்த வாக்குமூலத்தின் முகப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், அது சரியில்லை. பதிவில் என்ன இருக்கிறது என்று சொன்னேன், அது பதிவில் இருந்தது. அந்தப் பதிவை ஏற்றியது யார் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் இரண்டு பேரில் பொய் சொன்னவள் அவள்தான்.